கோபுர வாசலுக்கு எந்த மீன்விழி?

சிதம்பரம் நடராசர் கோயிலின் கோபுர வாசல்களில், உள்ளே நுழையும் பாதையின் இருபுறச் சுவர்களிலும் உள்ள அரைத்தூண்களில், நாட்டிய சாஸ்திரம் கூறும் 108 கரணங்கள் என்னும் ஆடல் நிலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. அந்தப் பாதை உயரத்தில் பெரிது, அகலத்தில் சிறிது. ஆகையால் ஒரு சுவரைப் படமெடுக்க முனைபவர் எதிர்ச்சுவரில் முதுகு படும்வரை பின்வாங்கினாலும், சாதாரண லென்ஸில் ஒரு சில கரணங்களே அடங்கும். இரு சுவர்களையும் மேற்கூரையையும் அப்பால் தெரியும் பிராகார வெளிச்சத்தையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவந்து, இச்சிற்பங்கள் உள்ளே வருபவரை எவ்வாறு சூழ்ந்து நிற்கின்றன என்று காட்ட வேண்டுமானால், மீன்விழி லென்ஸைத் தவிர வேறு வழி அரிது. நடுத்தர அளவுப் படச்சுருள் கேமராவில் இப்பணியைச் செய்ய விரும்புவோர் முன் பெரும்பாலும் வந்து நிற்பவை இரண்டு லென்ஸ்கள்: ஒன்று எளிய விலையில் கிடைக்கும் கியெவ் நகரத்து அர்சாத், மற்றது அதைப்போல் பன்மடங்கு விலை பெறும் ஜெர்மானிய எஃப்-டிஸ்டகான். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு எந்த இடத்தில் பொருட்படுத்தத் தக்கது, எந்த இடத்தில் பொருட்படுத்த வேண்டாதது என்பதைக் கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து சிதம்பரம் வரையுள்ள நிலப்பகுதியை வைத்தே ஆராய முடியும்.

நடுத்தர அளவு என்று இங்கே குறிப்பது 120 என்னும் எண்ணால் வழங்கும் படச்சுருளை ஏற்கும் கேமராக்களை. ஏறத்தாழ 6 செ.மீ. அகலமுள்ள இச்சுருளில், சதுரச் சட்டம் எடுக்கும் கேமரா 12 படங்களைத் தரும். ஒவ்வொரு நெகடிவும் சுமார் 56 மி.மீ. பக்கமுள்ள சதுரமாதலால், அதன் பரப்பு 35 மி.மீ. சுருளின் நெகடிவைப்போல் மூன்றரை மடங்குக்கும் சற்று மிகுதி. தமிழகத்துக்கு இது அயலான பொருள் அன்று. பரோடாவில் தயாரான அக்ஃபா கிளிக்-3 பெட்டிக் கேமராவும், ஸ்டுடியோக்காரர்கள் கல்யாண வீடுகளுக்குத் தோளில் மாட்டிச் சென்ற யாஷிகா-மேட் இரட்டை லென்ஸ் கேமராவும் 120 ரோலில்தான் இயங்கின. 1960-இல் நிறுவப்பட்ட உதகமண்டலத்து இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருள்களைச் செய்து விற்றது. வீடுகளின் கூடத்தில் சட்டமிட்டு மாட்டியிருக்கும் பழைய சதுரப் படங்கள் பலவும் இவ்வழி வந்தவையே.

மீன்விழி என்ற பெயரை ஒளியியலுக்குத் தந்தவர் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வில்லியம்ஸ் வுட். நீருக்கடியிலிருந்து மேல்நோக்கும் மீனுக்கு, ஒளிவிலகலின் காரணமாக, நீருக்கு வெளியே உள்ள அரைக்கோள வெளி முழுவதும் ஒரு வட்டத்துக்குள் சுருங்கித் தோன்ற வேண்டும் என்று கணித்த அவர், நீர் நிரப்பிய ஊசித்துளைக் கேமராவால் அதைப் படமெடுத்து 1906-இல் கட்டுரையாக வெளியிட்டார். கேம்பிரிட்ஜ் அறிஞர் ராபின் ஹில், வானம் முழுவதையும் ஒரே படத்தில் பிடித்து மேகங்களை ஆராய்வதற்கென்று ஒரு லென்ஸை வடிவமைத்து 1924-இல் அதை விளக்கி எழுதினார். வேடிக்கைக் கோணங்களுக்கான கருவியாகப் பின்னாளில் பெயர் பெற்ற மீன்விழி, பிறந்தது அளவிடும் கருவியாகவே என்பதை மறந்துவிட்டால், அதன் விலையையும் தரத்தையும் சரியாக எடைபோட இயலாது.

நேர்கோட்டை நேர்கோடாகவே காட்டும் சாதாரண லென்ஸில், படத்தின் மையத்திலிருந்து ஒரு புள்ளி விலகி நிற்கும் தூரம், அப்புள்ளியை நோக்கும் கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பைப் பின்பற்றும். கோணம் 90 பாகையை நெருங்க நெருங்க அம்மதிப்பு எல்லையின்றிப் பெருகுவதால், எத்தனை பெரிய படச்சுருளை வைத்தாலும் 180 பாகைக் காட்சியை இம்முறையில் அடக்க முடியாது. இம்முறைக்கு வேறொரு விலையும் உண்டு: மையத்திலிருந்து 44 பாகை விலகி நிற்கும் உருவம் வெளிப்புறமாக ஏறத்தாழ 1.4 மடங்கு இழுபட்டுத் தோன்றும். அதாவது, சட்டத்தின் மூலையில் நிற்கும் ஆடற்பெண்ணின் இடுப்பும் தோளும் சிற்பி செதுக்காத பருமனைப் பெற்றுவிடும். மீன்விழி லென்ஸோ கோடுகளின் நேர்மையை விட்டுக்கொடுத்து, பரப்பின் நேர்மையைக் காக்க முற்படுகிறது. சமப்பரப்பு முறை எனப்படும் வடிவமைப்பில், வெளியின் சமமான பகுதிகள் படத்திலும் சமமான பரப்பையே பெறும். உருவங்கள் ஓரத்தில் இழுபடுவதற்கு மாறாக ஒடுங்கும். 56 பாகை விலகலில் அகலம் நான்கில் ஒரு பங்குக்குள்ளாகவே ஒடுங்க, 90 பாகையில் அது பாதியாகிவிடும். கரணச் சிற்பங்களைப் பொறுத்தவரை, பருத்த பொய்யைவிட ஒடுங்கிய பொய் கண்ணுக்கு எளிதில் பிடிபட்டு, மனத்தால் எளிதில் திருத்திக்கொள்ளப்படுகிறது.

மையத்தின் ஊடே செல்லும் கோடு மட்டும் மீன்விழியில் வளைவதே இல்லை. திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரர் கோயில் கோபுரத்தை அண்மையில் நின்று எடுக்கும்போது, கோபுரத்தின் நடு அச்சைச் சட்டத்தின் நடுவே ஓடவிட்டால், கலசம் முதல் வாசற்படி வரை ஒரு நேர்கோடாக நிற்க, இருபுறத்துக் கட்டடங்களும் மின்கம்பிகளும் மட்டுமே அதை நோக்கி வளைந்து சூழும். அச்சு ஒரு விரலளவு விலகினாலும் கோபுரம் வில்லாகிவிடும். எளிய லென்ஸுக்கும் உயர்ந்த லென்ஸுக்கும் இவ்விதி ஒன்றே. மீன்விழிப் படங்களில் காணப்படும் குறைகளில் பெரும்பகுதி லென்ஸின் குறையாக இல்லாமல், மையத்தைப் பேணாத குறையாகவே இருப்பது இதனால்தான்.

இனி இரண்டு லென்ஸ்களுக்கு வரலாம். இரண்டின் குவியத் தூரமும் 30 மி.மீ.; இரண்டின் பெரும் துளையும் எஃப்/3.5, இரண்டும் 56 மி.மீ. சதுரத்தை மூலைக்கு மூலை நிரப்பி, மூலைவிட்டத்தில் 180 பாகையைத் தருபவை. படத்தை வட்டமாகத் தரும் மீன்விழிகள் வேறு வகை. கியெவ் நகரின் அர்செனால் ஆலையில் சோவியத் காலத்தில் ஸோடியாக்-8 என்ற பெயரிலும் பின்னர் அர்சாத் என்ற பெயரிலும் உருவான லென்ஸ், கியெவ்-88 கேமராவுக்கு ஒரு பொருத்துவாயுடனும், கியெவ்-60, பென்டகான் சிக்ஸ் ஆகியவற்றுக்கு வேறொரு பொருத்துவாயுடனும் வந்தது. கார்ல் சைஸ் நிறுவனத்தின் எஃப்-டிஸ்டகான், ஹாசல்பிளாட் கேமராவுக்காக 1970-களிலிருந்து வெளிவந்தது. ஹாசல்பிளாட் 500 வரிசையின் கடைசிக் கேமராவும் 2013-இல் நிறுத்தப்பட்டுவிட்டதால், எஃப்-டிஸ்டகானை இன்று பழைய பொருளாகவே வாங்க முடியும். இவ்விரு லென்ஸ்களையும்விட மலிவான வழியாக, இருக்கும் லென்ஸின் முன்னால் திருகிப் பொருத்தும் மீன்விழித் துணைவில்லைகள் உண்டு. பெரிய நெகடிவின் பயனையே அவை ஓரங்களில் கரைத்துவிடுவதால், சிற்பம் படமெடுக்கும் நோக்கத்துக்கு அவற்றைக் கணக்கில் கொள்ள வேண்டியதில்லை.

அர்சாத்தைப் பற்றி முதலில் அறிய வேண்டியது அதன் பின்புறத்தில் திருகப்படும் சிறு கண்ணாடி. மீன்விழியின் முன்கண்ணாடி குமிழாகப் புடைத்து நிற்பதால் அதன்மேல் வடிகட்டி எதையும் பொருத்த இயலாது. எனவே மஞ்சள், ஆரஞ்சு முதலிய வண்ண வடிகட்டிகள் பின்பக்கம் பொருத்தப்படுகின்றன. வண்ணம் வேண்டாதபோதும் நிறமற்ற கண்ணாடி ஒன்று அங்கே இருந்தாக வேண்டும், ஏனெனில் லென்ஸின் கணக்கு அதையும் சேர்த்தே போடப்பட்டது. குவியும் ஒளியின் பாதையில் நிற்கும் தட்டைக் கண்ணாடி, தன் தடிமனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குவியத்தைப் பின்னே தள்ளும். 2 மி.மீ. தடிமனுள்ள கண்ணாடி காணாமற்போனால் அந்த இடப்பெயர்ச்சி 0.7 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும் இவ்வளவே, 30 மி.மீ. லென்ஸில், தொலைதூரத்துக்கு வைத்த குவியத்தை ஒன்றரை மீட்டருக்கும் குறைவான இடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிடப் போதும். பழைய சந்தையில் அந்தக் கண்ணாடி இல்லாமலே கைமாறிய லென்ஸை வாங்கிவிட்டு, மூலைகள் மங்குகின்றன என்று அதன் வடிவமைப்பைக் குறை கூறுவோருக்கு இச்செய்தியைச் சொல்லியாக வேண்டும். எஃப்-டிஸ்டகானிலும் வடிகட்டி கணக்கின் ஒரு பகுதியே. அது லென்ஸின் உள்ளேயே இடம்பெறுகிறது.

கூர்மையைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் தேவைக்கு மிஞ்சியே நடைபெறுகிறது. துளையை முழுவதும் திறந்துவைத்தால் அர்சாத்தின் மூலைகள் மென்மையாவதும், எஃப்-டிஸ்டகான் அந்நிலையிலும் கட்டுக்கோப்பாக இருப்பதும் உண்மையே. ஆனால் கோபுர வாசலில் எவரும் துளையை முழுவதும் திறந்துவைத்துப் படமெடுப்பதில்லை. எஃப்/11 துளையில் குவியத்தை சுமார் 1.4 மீட்டருக்கு வைத்தால், 70 செ.மீ. தொலைவிலுள்ள அரைத்தூண் முதல் பாதையின் மறுமுனை வரை யாவும் தெளிவாக அமையும். அத்துளையில் நல்ல அர்சாத் ஒன்றின் நெகடிவையும் எஃப்-டிஸ்டகானின் நெகடிவையும் உருப்பெருக்கியில் அருகருகே வைத்தாலன்றி வேறுபாடு காண்பது கடினம்.

இருண்ட வாசலில் அத்துளை நெடுநேர ஒளியேற்றத்தைக் கோரும். ஒளியளவி 10 விநாடி என்று சொன்னால், இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ் சுருளுக்கு அந்நிறுவனம் தரும் கணக்கின்படி சுமார் 20 விநாடி கொடுக்க வேண்டும். 30 விநாடி என்றால் ஏறக்குறைய ஒன்றரை நிமிடம். நெடுநேர ஒளியேற்றத்தில் படச்சுருளின் உணர்திறன் தளர்வதே இதற்குக் காரணம். இங்கே மலிவான கேமராவின் ஒரு குறை தானாகவே மறைகிறது: ஹாசல்பிளாட்டில் கேமராவுக்குள் உள்ள எதிரொளிக் கண்ணாடியை முன்கூட்டியே உயர்த்திவைத்து அதிர்வைத் தவிர்க்கலாம், கியெவ்-60-இல் அவ்வசதி இல்லை. அந்த அதிர்வு பாதிப்பது ஒரு விநாடிக்கும் குறைவான ஒளியேற்றங்களையே. 20 விநாடியில் முதல் அரைவிநாடி அசைவு நெகடிவில் தடம் பதிப்பதில்லை. வாசலில் போய்வரும் பக்தர்களும் அவ்வாறே, ஓரிடத்தில் நின்றுவிடாதவரை, படத்தில் பதியாமல் போய்விடுவார்கள். கேமராவின் பின்னே நிற்பவர் தம் காலையும் முக்காலியின் காலையும் சட்டத்தின் கீழ்மூலைகளிலிருந்து விலக்கிவைக்க மறவாதிருப்பது மட்டுமே வேண்டும்.

இரண்டு லென்ஸ்களும் உண்மையில் பிரியும் இடம் ஒளிச்சிதறல். வாசற்பாதை இருண்டிருக்க, அதன் இரு முனைகளிலும் பகல் வெளிச்சம் கண்ணைப் பறிக்கும். 180 பாகையை அடக்கும் லென்ஸின் சட்டத்துக்குள் அவ்வெளிச்சம் வராமல் தடுப்பது எளிதன்று. அது கண்ணாடிப் பரப்புகளுக்கு இடையே மீண்டும் மீண்டும் எதிரொளித்து, படம் முழுவதும் மெல்லிய புகைபோல் பரவி, கரணங்களின் நிழல் மடிப்புகளைச் சாம்பல் நிறமாக்கிவிடும். இதைத் தடுப்பதற்கே கண்ணாடிகளின் மேல் நுண்ணிய பூச்சுகள் இடப்படுகின்றன. சைஸ் நிறுவனத்தின் டி-நட்சத்திரப் பல்லடுக்குப் பூச்சு இத்துறையில் பெற்ற பெயர் தகுதியானதே. பழைய ஸோடியாக்கில் ஓரடுக்குப் பூச்சே உண்டு, பிற்காலத்து அர்சாத்தில் பல்லடுக்குப் பூச்சு வந்தது. கியெவ் கேமராக்களின் உட்புறச் சுவர்கள் முழுமையாக மங்கலாக்கப்படாமல் பளபளப்பதும் குறையைப் பெருக்குகிறது. அச்சுவர்களில் கரிய வெல்வெட் போன்ற தாளை ஒட்டிக்கொள்வது அக்கேமராவைப் புழங்குவோரிடையே பழக்கமாகிவிட்டது. இவற்றோடு நேரத்தையும் தேர்ந்துகொள்ளலாம்: கிழக்குக் கோபுரத்துக்கு மாலையும் மேற்குக் கோபுரத்துக்குக் காலையும் ஏற்றவை, வெளிவாசலில் சூரியன் நேரே நில்லாத அவ்வேளைகளில், எளிய லென்ஸும் கறுப்பைக் கறுப்பாகவே தரும்.

மலிவான லென்ஸின் பெருங்குறை வேறு. ஒரே ஆலையில் உருவான இரண்டு அர்சாத்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்றில் நான்கு மூலைகளும் ஒத்திருக்க, மற்றொன்றில் கண்ணாடிகளில் ஏதோ ஒன்று அச்சிலிருந்து நகர்ந்து, ஒரு பக்கம் மட்டும் மங்கும். உயர்ந்த லென்ஸுக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி இந்தச் சீர்மைக்கான விலையே என்று கொள்வதில் தவறில்லை. கடலூர்க்காரருக்கு இதைச் சோதித்தறியக் கட்டணமில்லாத ஆய்வுக்கூடம் ஒன்று இருக்கிறது. தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில், சூரியன் முதுகுப்புறம் வந்துவிட்ட பிற்பகலில், கேமராவை முக்காலியில் நிறுத்தி, கடல்தொடுவானம் சட்டத்தின் சரியான நடுவில் செல்லுமாறு வைத்து, துளையை முழுவதும் திறந்து ஒரு படம் எடுக்க வேண்டும். பிறகு கேமராவைச் சாய்த்து, தொடுவானம் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு ஓடுமாறு ஒரு படமும், மறுபக்கம் சாய்த்து இன்னொரு படமும் எடுத்தால், ஒரு ரோலின் கால் பங்கிலேயே தீர்ப்பு கிடைத்துவிடும். மையத்தின் ஊடே செல்லும் தொடுவானம் நேராக இருக்க வேண்டும். அதன் இரு முனைகளும் ஒரே அளவு தெளிவாகவோ ஒரே அளவு மங்கலாகவோ இருக்க வேண்டும். ஒரு முனை தெளிந்து மறுமுனை கலங்கினால் அந்த லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுவதே நல்லது. பின்கண்ணாடி சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்பதும் அதே படத்தில் வெளிப்பட்டுவிடும். தொடுவானத்தை மையத்துக்கு மேலே வைத்தால் கடல் குன்றுபோல் உயர்வதையும், கீழே வைத்தால் கிண்ணம்போல் குழிவதையும் மீதமுள்ள படங்களில் பார்த்துவைத்தால், லென்ஸின் போக்கு கைவசப்படும்.

சிவகாமியம்மன் சன்னதி மண்டபத்து மேற்கூரையில் உள்ள நாயக்கர் கால ஓவியங்கள் இக்கருவியின் எல்லையைக் காட்டுபவை. கேமராவை மல்லாத்தி வைத்து மேல்நோக்கினால் கூரை முழுவதும் தூண்களோடு ஒரே சட்டத்தில் வந்துவிடும். ஆனால் வரிசை வரிசையாகக் கதை சொல்லும் ஓவியப் பட்டைகள் வளைந்து, ஓரத்து உருவங்கள் ஒடுங்கிவிடுவதால், அவற்றை ஆராய்பவருக்குச் சாதாரண லென்ஸில் பகுதி பகுதியாக எடுத்த படங்களே பயன்படும். எந்தப் பட்டை எந்தத் தூணுக்கு மேல் அமைந்திருக்கிறது என்பதை நினைவூட்டும் வரைபடமாக ஒரேயொரு மீன்விழிப் படத்தைச் சேர்த்துக்கொள்ளலாம், அதற்கு எந்த விலையுள்ள லென்ஸும் ஏற்றதே. உரிய அனுமதி பெற்று, படமெடுக்கத் தடையுள்ள இடங்களை விலக்கியே இவற்றைச் செய்ய வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் நிலைமை தலைகீழாக மாறுகிறது. 2022-இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட அக்காட்டின் குறுகிய கால்வாய்களில், சுரபுன்னையும், சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த தில்லை மரமும் தலைக்குமேல் கவிந்து நிற்க, படகிலிருந்து மேல்நோக்கிப் படமெடுப்பவருக்கு முக்காலி பயன்படாது. ஆடும் படகில் 1/125 விநாடி தேவை. இலை நிழலில் அதற்கு எஃப்/5.6 வரை துளையைத் திறந்தாக வேண்டும். மேல்நோக்கிய மீன்விழிக்குள் சூரியனும் தப்பாமல் வந்து, நெகடிவில் 0.3 மி.மீ.க்கும் குறைவான ஒரு புள்ளியாக நின்றபடியே படம் முழுவதையும் வெளிறச் செய்யும். மூலை மென்மை, ஒளிச்சிதறல் என்னும் அர்சாத்தின் பலவீனங்கள் இரண்டும் ஒருங்கே சோதிக்கப்படும் இடம் இது. இங்கே எஃப்-டிஸ்டகானின் விலைக்கு நெகடிவிலேயே சான்று கிடைக்கும். காட்டின் கவிகையைக் கணக்கிட மீன்விழிப் படங்களைப் பயன்படுத்தும் முறையை ஆய்வாளர்களான எவன்ஸ், கூம்ப் ஆகிய இருவரும் 1959-இல் வகுத்தார்கள். இலைகளுக்கு இடையே தெரியும் வானத்தின் பரப்பை அளக்கும் அவ்வேலையில், சிதறிய ஒளி மெல்லிய இலை நுனிகளை விழுங்கிவிட்டால் கணக்கே பிழைபடும். அவ்வகை ஆய்வுக்கு வட்டமான படம் தரும் லென்ஸ் வேண்டுமென்பதால், இங்கே பேசப்படும் இரண்டுமே முழுமையாகப் பொருந்தமாட்டா. ஆயினும் காட்டைக் காடாகக் காட்ட விரும்பும் ஒளிப்படக் கலைஞர், வாங்கும் வசதியிருந்தால், பிச்சாவரத்துக்காகவே எஃப்-டிஸ்டகானை வாங்கலாம்.

கடற்கரை ஊரில் லென்ஸ் வைத்திருப்பவர் இறுதியாக எண்ண வேண்டியது உப்புக் காற்றையும் பூஞ்சையையும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈரம் தங்கிய தோல்பையில் பூட்டி வைத்த லென்ஸின் உட்கண்ணாடியில் சிலந்தி வலைபோல் படரும் பூஞ்சை, பூச்சையே அரித்துவிடும்; அதற்கு மலிவான கண்ணாடியும் விலையுயர்ந்த கண்ணாடியும் ஒன்றே. வேறுபாடு பழுது பார்க்கும்போது தெரியும். ஹாசல்பிளாட் 500 வரிசையில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இதழ்களாக அமைந்திருக்கிறது. எல்லா வேகத்திலும் ஃபிளாஷ் ஒத்திசையும் என்பது அதன் நன்மை. கியெவ்-60-இல் 1/30 விநாடிக்கு மேல் அது இயலாது. ஆனால் 180 பாகைக்கும் ஒளிவீசும் ஃபிளாஷ் எளிதில் கிடைக்காததால், மீன்விழி பயன்படுத்துபவருக்கு அந்நன்மை கைக்கு எட்டுவதில்லை. பல ஆண்டுகள் அசையாமல் கிடந்த இதழ் ஷட்டரில் எண்ணெய் இறுகி, ஒரு விநாடி என்பது ஒன்றரை விநாடியாகவோ இரண்டாகவோ இழுக்கத் தொடங்கினால், அதைப் பிரித்துச் சீராக்கத் தேர்ந்த கை தேவை, செலவும் மிகுதி. அர்சாத்துக்குள் துளையைச் சுருக்கி விரிக்கும் எளிய அமைப்புக்கு மேல் பொறி எதுவும் இல்லை. எஃப்-டிஸ்டகான் வாங்குபவர் விலையோடு ஷட்டர் பழுதுக்கான தொகையையும் தொடக்கத்திலேயே ஒதுக்கிவைக்க வேண்டும். அர்சாத் வாங்குபவர் மிச்சமாகும் பணத்தில், காற்றில் அசையாத கனத்த முக்காலி ஒன்றையும் ஈரத்தை 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் நிறுத்தும் அலமாரி ஒன்றையும் வாங்கி, மீதியை 120 ரோலுக்குச் செலவிடலாம்.